துவாய்க் கம்பிக்கு ஒரு டைமர்

கண்டக்குழியில் துவாயைச் சூடாக்கக் கரண்ட் வேண்டும் என்று சொன்ன முதல் ஆள் எமிலியாவின் மகன் யூட்தான். அதற்கு முன்னால் அந்தக் கடற்கரையில் பிறந்த எவருடைய மண்டைக்குள்ளும் அப்படியொரு யோசனை போனதில்லை. கொடியில் போட்ட துவாய், உலை கொதிக்கிற நேரத்துக்குள் அப்பளமாகக் காய்ந்துவிடுகிற ஊர் அது. வெயிலுக்குப் பஞ்சமா, காற்றுக்குப் பஞ்சமா? ஆனால் யூட் இத்தாலியில் இருக்கிறான். இத்தாலியில் இருக்கிறவன் சொன்னால் கண்டக்குழியில் இருக்கிறவர்கள் கேட்கத்தான் வேண்டும்.

வீட்டோடு ஒட்டி ஓர் அறை கட்டச் சொன்னான், கட்டினார்கள். பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு களப்புத் தண்ணீரில் சறுக்க வருகிற வெள்ளைக்காரருக்கு அதை வாடகைக்கு விடச் சொன்னான்; விட்டார்கள். அறைக்குள் ஒரு குளியலறை. அதன் சுவரில் ஏணி மாதிரி ஒரு வெள்ளிக் கம்பி. சுவிட்சைப் போட்டால் கம்பி சூடாகும், அதில் தொங்குகிற துவாயும் சூடாகும். "வெள்ளைக்காரங்க சூடான துவாயாலதான் துடைப்பாங்கம்மா" என்றான். வந்த வெள்ளைக்காரர் ஒருவர்கூட அந்தச் சுவிட்சைத் தொடவில்லை. ஈரத் துவாயைக் கட்டிலில் எறிந்துவிட்டு, சட்டை இல்லாமல் வாசலில் போய் நின்று வெயில் காய்ந்தார்கள். அந்தக் கட்டில் ஈரத்தை உலர்த்தியதும் எமிலியாதான்.

அந்தக் கம்பியால் பயன் கண்ட ஒரே மனிதர் எமிலியாவின் புருஷன் அருளப்பு. அது யூட்டுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது என்பதில்தான் எமிலியாவின் சாமர்த்தியமெல்லாம் செலவாகிக்கொண்டிருந்தது.

அருளப்பு அட்டை பிடிக்கக் கடலுக்கு அடியில் போய்வந்தவர். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி, அடியில் கிடக்கிற கடல் அட்டைகளைப் பொறுக்கிவருகிற வேலை. யூட் இத்தாலிக்குப் போன அடுத்த வருஷம், ஒருநாள் சிலிண்டரில் காற்று முடிந்துபோக, ஆள் ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டார். அப்படிச் சட்டென்று வந்தால் இரத்தத்துக்குள் காற்றுக் குமிழி வந்துவிடுமாம், ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உயிர் தப்பியது. வலது கால் தப்பவில்லை. உள்ளே எலும்பு குடைகிற வலி இருக்கும், ஆனால் மேல்தோலில் சூடோ குளிரோ உறைக்காது. மழைக்காலத்தில் வலி வந்தால் மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்.

எமிலியா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். ஒருநாள் சூடு கூடிப்போயிற்று. காலுக்கு உறைக்காததால் அவர் சுடுகிறது என்று சொல்லவில்லை; துணியை எடுத்தபோது தோல் கொப்புளித்துப்போயிருந்தது. அந்தப் புண் ஆறுவதற்குள் எமிலியா பட்ட பாடு அவளுக்கும் தலவிலக் கோயிலில் இருக்கிற அன்னம்மாளுக்கும்தான் தெரியும். அதற்குப் பிறகுதான், சுவரில் சும்மா நிற்கிற கம்பியின் நினைவு அவளுக்கு வந்தது. துவாயை அதில் போட்டு எடுத்துக் காலில் சுற்றினால் நல்ல கதகதப்பு. எவ்வளவு நேரம் போட்டாலும் தோலைக் கொப்புளிக்க வைக்கிற சூடு வராது. அறைக்கு ஆள் இல்லாத நாட்களில், பகல் சாப்பாடு முடிந்ததும் அருளப்பு சுவரைப் பிடித்துப் பிடித்து அங்கே போவார். எமிலியா கதிரையைப் போட்டு, துவாயை மாற்றி மாற்றிச் சுற்றுவாள். அதன் பிறகு அவர் வாய் பிளந்து தூங்குவதைப் பார்க்க அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.

இதை ஏன் பெற்ற மகனுக்குச் சொல்லவில்லை என்று, வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் கேட்கமாட்டார்கள். அந்தக் கரையில் கெட்ட செய்தியைக் கடல் தாண்டி அனுப்புகிற வழக்கம் இல்லை. மாமன் செத்தாலும் அடக்கம் முடிந்த பிறகுதான் போன் போகும். யூட்டுக்கோ அங்கே தங்குவதற்கான பேப்பர் இன்னும் சரிவரவில்லை. வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது. அப்பாவின் கால் இப்படி என்று கேள்விப்பட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவான். ஆகவே அருளப்பு ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் "அப்பாவுக்குக் கொஞ்சம் காய்ச்சல்" என்றாள். பிறகு வீடியோவில் கதைக்கும்போதெல்லாம் அவரைக் கதிரையில் நேராக இருத்தி, சட்டைப் பொத்தானைப் பூட்டி, நெஞ்சுக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரிப் போனைப் பிடித்தாள். கல்யாண வீட்டுப் படக்காரன்கூட அவ்வளவு கவனமாகப் பிடிக்கமாட்டான். "எல்லாம் சுகம் மகன்" என்று அருளப்பு சிரிப்பார். யூட்டும் சிரிப்பான்.

பிடிபட்டது கரண்ட் பில்லால். அதை யூட்தான் அங்கிருந்து கட்டுகிறான். மழைக்காலம், ஒரு வெள்ளைக்காரனும் கிடையாது, பில் மட்டும் சீசன் மாதிரி வந்திருந்தது.

"அம்மா, ஆளில்லாத ரூமில ஆரு துவாய் காயவைக்கிறது?"

"ஆரும் இல்ல. சும்மா கிடந்தா கெட்டுப்போகுமெண்டு இடைக்கிடை போட்டுப் பாக்கிறன்."

"போட்டுட்டு நிப்பாட்ட மறந்துபோறீங்க. உங்களுக்கும் வயசு போகுதுதானே. பரவாயில்ல, நான் ஒரு டைமர் பூட்ட ஏற்பாடு செய்றன்."

வயசு போகுதாம்! அன்றைக்கு எமிலியாவுக்குச் சோறு இறங்கவில்லை. விடிய எழும்பி மீன் வாங்கி, சமைத்து, வெள்ளைக்காரன் அழுக்காக்கிய விரிப்பை அடித்துத் துவைத்து, புருஷனுடைய காலையும் பார்க்கிறவளுக்கு ஒரு சுவிட்சை நிப்பாட்டத் தெரியாதாம். உண்மையைச் சொல்லி வாயை அடைக்கவும் வழியில்லை. மறதிக்காரி என்ற பெயரை விழுங்கிக்கொண்டுதான் ஆக வேண்டும். அந்த வயிற்றெரிச்சலை அவள் சட்டி பானைகளிடம் காட்டினாள். "சட்டி என்ன செய்தது உனக்கு?" என்று அருளப்பு கேட்டதற்கு, "உங்கட மகனிட்டக் கேளுங்க" என்றாள். டைமர் விஷயத்தை அவருக்கும் அவள் சொல்லவில்லை. சொன்னால், "அப்ப எனக்கு ஒத்தடம் வேண்டாம்" என்று உடனே சொல்லிவிடுகிற மனிதர் அவர்.

மழை விட்டிருந்த ஒரு பகலில் ஹஸ்மி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கற்பிட்டியில் வயரிங் வேலை செய்கிறவன். யூட்டின் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, அவன் போன பிறகு இந்த வீட்டுப் பக்கம் வராதவன். எமிலியா அவனுக்குப் பால் இல்லாத பிளேன்டி ஊற்றிக் கொடுத்தாள். கோபம் வேறு, பிளேன்டி வேறு. கோப்பையை வைத்த சத்தத்தில் இரண்டும் கலந்திருந்தது.

"என்ன மகன் அந்தப் பெட்டி?"

"டைமர் அன்ட்டி. பாத்ரூமுக்குள்ள தண்ணி படும், அதால வெளிச் சுவத்தில இரிக்கிற பழைய சுவிட்சைக் கழட்டிட்டு இதைப் பூட்டுற. யூட் போன்ல சொல்ற நேரத்துக்குத்தான் கம்பி சூடாகும்."

"எந்த நேரத்துக்குச் சொல்லியிருக்கிறான்?"

"அந்திக்கு. வெள்ளக்காரங்க குளிக்கிற நேரம். அதுவும் ஆள் வாற நாளையில மட்டும்."

"பகலில?"

"பகலில ஒண்டும் இல்ல அன்ட்டி. பட்டன் ஒண்டு இரிக்கி, ஆனா அதையும் லாக் பண்ணிவைக்கச் சொன்னான். நீங்க மறந்துபோய் அமத்திடுவீங்களாம்."

எமிலியாவுக்குக் காது சூடாகிவிட்டது. ஹஸ்மியிடம் உண்மையைச் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். சொல்ல முடியாது, இவன் காதில் விழுவது அடுத்த நிமிஷம் இத்தாலியில் விழும். அவள் போய்ச் சுவிட்சுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"இந்தச் சுவத்துக்குக் கல் இறக்கினது நான். காயக் காயத் தண்ணி ஊத்தினது நான். எங்கயோ இருந்து ஒருத்தன் போனை நோண்டி என்ட வீட்டுச் சுவிட்சை நிப்பாட்டுவானோ? கழட்டு பாப்பம்."

"யா அல்லாஹ்! நான் என்ன செய்ற அன்ட்டி? யூட்டோட நீங்களே கதைங்க. எப்படியும் அவன்ட போனோட இதைக் கோக்கிறதுக்கு அவனை லைன்ல எடுக்கத்தான் வேணும்."

ஹஸ்மி வீடியோவில் யூட்டைக் கூப்பிட்டான். அவனுக்கு இரண்டு கையும் வேலைக்கு வேண்டும். ஆகவே போனை வாசலில் கிடந்த சின்ன ஸ்டூலில், பிளேன்டிக் கோப்பையில் சாய்த்துவைத்தான். இதுவரை அந்த வீட்டில் யூட் கதைக்கிற போனைப் பிடித்தது எமிலியாவின் கைதான். இன்றைக்குத்தான் முதல்முறையாக வேறு கை, வேறு உயரம். கோபத்தில் இருந்தவள் அதைக் கவனிக்கவில்லை.

"அம்மா, ஏன் அவனை வேலை செய்ய விடாமல் நிக்கிறீங்க?"

"எனக்கு மறதி எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறியோ?"

"ஊரெல்லாம் இல்ல, ஹஸ்மியிட்ட மட்டும்."

"ஓ, பெரிய தயவு! நீ இரவில ஊத்தை செய்த துணியெல்லாம் இந்தக் கையாலதான்டா துவைச்சன். நீ எனக்குக் கரண்ட் பாடம் படிப்பிக்கிறியோ?"

"அம்மா, காசுக்காக இல்ல. ஆளில்லாத ரூமில வயர் சூடாகி நெருப்புப் பத்தினா ஆரு வாறது?"

"நெருப்பு இப்ப என்ட வயித்திலதான் பத்துது!"

அவளுடைய குரல் பக்கத்து வீட்டு வளவுக்கும் கேட்டிருக்கும். வீட்டுக்குள் படுத்திருந்த அருளப்புவுக்குக் கேட்காமல் இருக்குமா? சாப்பாடு முடிந்த நேரம், எப்படியும் அவர் எழும்புகிற வேளைதான். ஒரு கையால் சுவரைப் பிடித்து, தோளில் துவாயைப் போட்டு, வலது காலைத் தரையோடு இழுத்து இழுத்து அவர் அறையின் வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்ன எமிலியா சத்தம்? கம்பியைப் போட்டியா? இண்டைக்குக் கால் நல்லாக் குடையுது."

தாழ்ந்த ஸ்டூலில் இருந்த போனுக்கு முதலில் தெரிந்தது அவருடைய கால்தான். மெலிந்து, பாதம் உள்ளே திரும்பி, விரல் தரையில் உரசுகிற கால்.

"அப்பா ஏன் அப்பிடி நடக்கிறார்?"

அருளப்பு அப்போதுதான் போனைக் கண்டார். உடனே முகத்தில் அந்த வீடியோச் சிரிப்பைக் கொண்டுவந்தார். "ஒண்டுமில்ல மகன். படுத்துக்கிடந்து கால் விறைச்சுப்போச்சு. எல்லாம் சுகம்."

"சுவத்தை விட்டுட்டு நடந்து காட்டுங்க."

பாவி மனுஷன், கையை எடுத்தார். மகன் கேட்டுவிட்டானே என்று நிமிர்ந்துகூட நின்றார். அடுத்த அடி வைத்ததும் சரிய, ஹஸ்மி பாய்ந்து பிடித்துக்கொண்டான். துவாய் தரையில் விழுந்தது.

"எவ்வளவு காலமா அம்மா?" யூட்டின் குரல் மாறியிருந்தது.

எமிலியா சொன்னாள். இனி எதை மூடுவது? சிலிண்டர், ஆஸ்பத்திரி, உப்பு, கொப்புளம், கம்பி எல்லாவற்றையும் சொன்னாள். மன்னிப்புக் கேட்கிற தொனி அதில் கொஞ்சமும் இல்லை. சண்டைக்காரி மாதிரியே சொன்னாள். யூட் போனுக்குள் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான். பிறகு கையை எடுத்தான்.

"காய்ச்சல் எண்டு சொன்னீங்க."

"சொன்னா என்ன செய்திருப்பாய்? வந்திருப்பாய். வந்தா திரும்பிப் போயிருப்பியோ?"

"அதை நான்தானே முடிவெடுக்க வேணும்? அம்மா, இஞ்ச நான் ஒரு கிழவரைப் பாக்கிற வேலை செய்றன். ஒவ்வொரு நாளும் அவர்ட காலுக்கு எண்ணெய் பூசி விடுறன். ஆரோ ஒருத்தர்ட காலுக்கு! என்ட அப்பாட காலை எனக்குக் காட்டாமல் வைச்சிருந்திருக்கிறீங்க. என்னைப் பிள்ளை எண்டு நினைச்சீங்களா, பில் கட்டுறவன் எண்டு நினைச்சீங்களா?"

எமிலியாவுக்குக் கோபம் இன்னும் கூடியது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. அவள் குனிந்து துவாயை எடுத்து உதறினாள்.

"நான் வாறன்" என்றான் யூட்.

"வராத" என்றார் அருளப்பு. அந்த ஒரு சொல்லை அவர் கடலில் ஆட்களை ஏவுகிற குரலில் சொன்னார். "பேப்பர் கிடைச்ச பிறகு வா. கால் எங்கயும் ஓடிப்போகாது."

ஹஸ்மி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான். கடைசியில் டைமர் பெட்டியைக் காட்டி, "அப்ப இதைப் பூட்டுறதா, இல்லாட்டி நான் போறதா மச்சான்?" என்று கேட்டான்.

"பூட்டு. வெள்ளைக்காரருக்கு நேரம் போட்டுவிடு. அப்பாவுக்கு நேரம் போட வேண்டாம். எனக்குக் காலமை ஓய்வு கிடைக்கிற நேரம் அங்க பகல் சாப்பாடு முடிஞ்சிருக்கும். ஒவ்வொரு நாளும் நான் இஞ்ச இருந்து போனால போட்டுவிடுறன். அதையாவது நான் செய்றன்." பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னான்: "பட்டனையும் லாக் பண்ண வேண்டாம். ஆனா அம்மா, அன்னம்மா மேல சத்தியம் பண்ணுங்க. இனி எனக்கு ஒண்டையும் ஒளிக்கமாட்டீங்க எண்டு."

அந்தக் கரையில் அன்னம்மாள் மேல் பொய்ச் சத்தியம் செய்கிறவர்கள் இல்லை. எமிலியா செய்தாள். செய்துவிட்டு, "நீயும் பண்ணு" என்றாள். "எனக்கு இஞ்ச என்ன ஒளிக்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அவனும் செய்தான்.

அதன் பிறகு பகல் சாப்பாடு முடிந்ததும் குளியலறையின் வெளிச் சுவரில் இருக்கிற பெட்டியில் பச்சை லைட் எரியும். அருளப்பு துவாயோடு முன்கூட்டியே போய், பெட்டிக்கு முன்னால் கதிரையில் காத்திருப்பார். லைட்டைக் கண்டதும், "மகன் வந்துட்டான்" என்பார்.

"அவன் எங்க வந்தான்? லைட்தான் வந்திருக்கு" என்று எமிலியா முறைப்பாள். ஆனால் சட்டியைக் கழுவாமல் போட்டுவிட்டு அந்த லைட்டைப் பார்க்க அவளும் வந்துவிடுவாள். சில நாட்களில் அது ஒருதரம் அணைந்து மறுபடியும் எரியும். அது யூட்டின் குறும்பு. அன்றைக்கெல்லாம் அருளப்பு காலை மறந்து சிரிப்பார். அவளுக்கும் சிரிப்பு வரும், காட்டமாட்டாள்.

ஒருநாள் லைட் வரவில்லை.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் போயிருக்கும் என்று எமிலியா ஃபேனைப் போட்டுப் பார்த்தாள், சுற்றியது. வைஃபை இருக்கிறதா என்று பார்த்தாள், அதுவும் இருந்தது. கம்பியைத் தொட்டாள். பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்து கிடந்தது. "வேலை கூடிப்போயிருக்கும்" என்றார் அருளப்பு. எமிலியா பட்டனை அமத்திக் கம்பியைச் சூடாக்கினாள். ஒத்தடம் நடந்தது. ஆனால் அவர் தூங்கவில்லை.

அடுத்த நாளும் அப்படியே. யூட்டிடமிருந்து ஒரு மெசேஜ் மட்டும் வந்தது: வேலை கூடிப்போச்சு, பிறகு எடுக்கிறேன் என்று. எமிலியா அவனுக்குப் போன் எடுத்தாள், அவன் தூக்கவில்லை. மறுபடி எடுத்தாள். நாசமாய்ப்போன போன் அடித்து அடித்து ஓய்ந்தது. விடாமல் எடுத்தாள். கடைசியில் குரல் மட்டும் வந்தது, படம் இல்லாமல்.

"ஏன்டா லைட் வரயில்ல?"

"ஒண்டுமில்லம்மா. எல்லாம் சுகம். கொஞ்சம் காய்ச்சல், அவ்வளவுதான்."

அந்தக் காய்ச்சலை எமிலியாவுக்கு நன்றாகத் தெரியும். அதைக் கண்டுபிடித்தவளே அவள்தான்.

"படத்தைப் போடு."

"லைன் சரியில்லம்மா."

"படத்தைப் போடடா!"

படம் வந்தது. யூட் சிரித்தான். தலை வாரி, சட்டைப் பொத்தான் கழுத்துவரை பூட்டியிருந்தது. பின்னால் வெள்ளைச் சுவர். படம் நெஞ்சுக்கு மேலே நின்றது, ஒரு விரற்கடைகூடக் கீழே இறங்காமல். எமிலியா அந்தப் படத்தையே பார்த்தாள். போனை எவ்வளவு நேரம் அப்படிப் பிடித்தால் கை வலிக்கும், எந்தப் பக்கம் சரித்தால் எது மறையும் என்றெல்லாம் தெரிந்தவள் அவள். அவளிடமே வேலையைக் காட்டுகிறான்.

"என்ன மகன் நடந்தது?"

"ஒண்டும் நடக்கயில்ல. இந்தா, அப்பாவுக்கு இப்பவே கம்பியைப் போட்டுவிடுறன், பாருங்க."

சுவர்ப் பெட்டியில் பச்சை லைட் எரிந்தது. அருளப்பு கதிரையில் இருந்தபடி அதைப் பார்த்தார். மகன் வந்துட்டான் என்று சொல்லவில்லை. எழும்பி, சுவரைப் பிடித்து, காலை இழுத்துப் போய், பட்டனை அமத்தி லைட்டை அணைத்தார். துவாயை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எமிலியாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

யூட்டின் சிரிப்பு போய்விட்டது. எமிலியா போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"அன்னம்மா மேல சத்தியம் வாங்கினவன் நீ. போனைக் கீழ இறக்கு மகன். உன்ட காலைக் காட்டு."